இதயக் கலத்துக்குள்ளயும் தசைக் கலத்துக்குள்ளயும் ஜீன் எப்பிடி ஓன் ஆகுது, எப்பிடி ஓஃப் ஆகுது: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

லேப்பில என்ன வேலை பாக்கிறாய் எண்டு கேக்கிற சொந்தக்காரர், ஏ.எல் பயோ படிக்கிற பிள்ளையள், இதய கிளினிக்குக்கு வீட்டுக்காரரக் கூட்டிக்கொண்டு வாற அன்ரிமார், ஜிம்முக்குப் போற தம்பிமார், எல்லாரும் மாறி மாறிக் கேக்கிற கேள்வியள்தான் இதுகள். 155 பஸ்ஸில தொங்கிக்கொண்டு அரைகுறையா விளக்கிறத விட ஒருக்கா ஆறுதலா எழுதி வைப்பம் எண்டு இருந்திட்டன். கொஞ்சம் நீளம், தேவையானத மட்டும் வாசிச்சாலும் பரவாயில்ல.

எல்லாக் கலத்திலயும் ஒரே டிஎன்ஏதான் எண்டு புத்தகத்தில இருக்கு. பிறகேன் இதயம் மட்டும் துடிக்குது, ஈரல் துடிக்குதில்ல?

நாங்க லேப்பில செய்யிற முழு வேலையும் இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கும். ஒரு செட்டில கிட்டத்தட்ட 300 கோடி எழுத்து, அதுக்குள்ள ஏறத்தாழ 20,000 புரத ஜீன், இது இதயக் கலத்திலயும் இருக்கு, ஈரல் கலத்திலயும் அச்சொட்டா அப்பிடியே இருக்கு. இன்சுலின் ஜீன் கூட உங்கட இதயத்தில இருக்கு, ஆனா அங்க அத ஒருத்தரும் வாசிக்கிறதில்ல. எந்த ஜீன் வாசிக்கப்படுது, எப்ப, எவ்வளவு எண்டதிலதான் வித்தியாசமே.

ஒரு ஜீன் தொடங்கிற இடத்துக்குக் கிட்ட புரோமோட்டர் எண்டு ஒரு துண்டு இருக்கு, ஜீன வாசிச்சு ஆர்என்ஏ எண்ட பிரதிய எடுக்கிற ஆர்என்ஏ பொலிமரேஸ் எண்ட நொதியம் அதில வந்து இறங்கினாத்தான் வாசிப்புத் தொடங்கும். அது சும்மா வந்து இறங்காது, டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபக்டர் எண்டு சொல்லுற புரதங்கள் முதல் வந்து டிஎன்ஏயில குந்தி அதக் கூப்பிடோணும். ஒவ்வொரு ஃபக்டருக்கும் பிடிச்ச எழுத்துக் கோர்வை ஒண்டு இருக்கு. எஸ்ஆர்எஃப் எண்ட புரதத்த எடுத்தா, ரெண்டு சி, பிறகு ஆறு எழுத்து ஏ அல்லது டி, பிறகு ரெண்டு ஜி, இந்தப் பத்து எழுத்தைக் கண்டாத்தான் அது பிடிக்கும். அக்டின் மாதிரி சுருங்கிற வேலைக்குத் தேவையான கன ஜீன்களுக்கு முன்னால இந்தப் பத்து எழுத்து நிக்குது. 2001 இல டலஸில எரிக் ஒல்சன்ர லேப்பில கண்டுபிடிச்ச மயோகார்டின் எண்ட புரதம் இந்த எஸ்ஆர்எஃப் ஓட சேந்து நிண்டா இதயத்துக்கும் இரத்தக்குழாய்த் தசைக்கும் வேண்டிய ஜீன்கள் பலமா ஓடத் தொடங்கும்.

புரோமோட்டர் மட்டும் இல்ல, என்ஹான்சர் எண்டும் இருக்கு. அது ஜீனில இருந்து ஆயிரக்கணக்கில, சிலவேளை லட்சக்கணக்கில எழுத்துத் தள்ளிக் கூட நிக்கும். அவ்வளவு தூரத்தில இருந்து எப்பிடி வேலை செய்யுது எண்டு எல்லாரும் கேக்கிறவை. ஆறு யார் சாறிய விரிச்சா முந்தானை ஒரு தலைப்பில, உடம்போட செருகிற பக்கம் மற்றத் தலைப்பில, ஆனா அத மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்கேக்க ரெண்டும் ஒட்டிக்கொண்டு இருக்குந்தானே, டிஎன்ஏயும் நியூக்ளியஸுக்குள்ள அப்பிடி வளைஞ்சு மடிஞ்சு கிடக்கிறதால தூர நிக்கிற என்ஹான்சர் புரோமோட்டருக்குப் பக்கத்தில வந்திடும்.

அதோட டிஎன்ஏ ஹிஸ்டோன் எண்ட புரதங்களச் சுத்திக் கொண்டு இருக்கு. ஹிஸ்டோனில அசிட்டைல் ஏறினா அந்த இடம் தளரும், ஃபக்டருகளுக்கு இடம் கிடைக்கும். ஹெச்டாக் எண்ட நொதியங்கள் அந்த அசிட்டைலக் கழட்டி திரும்ப இறுக்கிப் போடும். இந்த ஹெச்டாக்க ஞாபகத்தில வையுங்கோ, பிரஷர் கதையில திரும்ப வரும்.

தசையை உருவாக்குற ஒரே ஒரு ஜீன் இருக்கா?

ஓம், கிட்டத்தட்ட. இது எனக்குப் பிடிச்ச கதை, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

1979 இல டெய்லர், ஜோன்ஸ் எண்ட ரெண்டு பேர் எலிக் கருவில இருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் (இழையங்களுக்கு இடையில நார் செய்யிற சாதாரண கலம்) கலங்களுக்கு 5-அசாசைட்டிடின் எண்ட மருந்தக் குடுத்துப் பாத்தினம். அந்த மருந்து டிஎன்ஏயில ஒட்டியிருக்கிற மெதைல் அடையாளங்களக் குறைக்கும். கொஞ்ச நாளில அதே கலங்களில சிலது தசையாயும் சிலது கொழுப்பாயும் சிலது கசியிழையமாயும் மாறிட்டுது. எழுத்து ஒண்டும் மாறேல்ல, மேல இருந்த அடையாளம் மட்டும்தான் போனது. அப்ப பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு சில ஜீன் திறபட்டாலே காணும் போல இருக்கு எண்டு ஆக்கள் யோசிக்கத் தொடங்கினவை.

அந்த ஜீன 1987 இல சியாட்டிலில ஹெரல்ட் வைன்ட்ராப்ன்ர லேப் பிடிச்சுது. தசையாகிற கலத்தில ஓடுற ஆர்என்ஏயில இருந்து ஃபைப்ரோபிளாஸ்டிலயும் ஓடுறதக் கழிச்சு, மிச்சமா நிண்டதுகள ஒவ்வொண்டா ஃபைப்ரோபிளாஸ்டுக்குள்ள போட்டுப் பாத்ததில ஒண்டு மட்டும் கலத்தையே தசையாக்கிப் போட்டுது. அதுக்கு மயோடி எண்டு பேர். பிறகு கொழுப்புக் கலம், நிறமிக் கலப் புற்று, நரம்புக் கலப் புற்று எண்டு வேற இனக் கலங்களுக்குள்ள போட்டும் தசை ஜீன்களை ஓட வைச்சுக் காட்டினவை. ஒரு புரதம் ஒரு கலத்தின்ர தலைவிதியையே மாத்தும் எண்டு அதுக்கு முதல் இவ்வளவு தெளிவா ஒருத்தரும் காட்டினதில்ல. வைன்ட்ராப் 1995 இல, 49 வயசில, மூளைப் புற்றுநோயில செத்துப்போனார். 2006 இல யமனக்கா நாலு ஃபக்டரப் போட்டு தோல் கலத்த ஸ்டெம் செல் ஆக்கினதுக்குப் பின்னால இந்த மயோடி வேலை நிக்குது எண்டு நான் எப்பவும் பிள்ளையளுக்குச் சொல்லுறனான்.

ஆனா மயோடிய எடுத்துப்போட்டா தசையே இருக்காது எண்டு நினைக்காதேங்கோ. மயோடி இல்லாத எலி பிறந்து தசையோடதான் ஓடித்திரிஞ்சுது, ஏனெண்டா மிஃப்5 எண்ட சகோதர ஜீன் அந்த இடத்தப் பிடிச்சிட்டுது. 1993 இல ரெண்டையும் சேத்து எடுத்த எலியில எலும்புத் தசையே உருவாகேல்ல. அதே வருஷம் மயோஜெனின் எண்ட மூண்டாமத்த எடுத்துப் பாத்தினம், தசைக்கான முன்னோடிக் கலங்கள் வந்து நிண்டுது, ஆனா ஒண்டோட ஒண்டு சேந்து நாராக மாறேல்ல, குட்டி பிறந்த உடன செத்துது. அப்ப ஒரு ஜீன் கலத்துக்கு வழிய முடிவு பண்ணுது, இன்னொண்டு அந்த வழியால முடியுமட்டும் கொண்டு போகுது.

அப்ப இதயத்துக்கும் மயோடி மாதிரி ஒண்டு இருக்குமே?

இல்ல. கன பேர் தேடினவை, தனியா ஒண்டு அகப்படேல்ல. இதயத்துக்கு ஒரு கூட்டமே வேணும்: என்கேஎக்ஸ்2-5, காட்டா4, டிபிஎக்ஸ்5, எம்இஎஃப்2சி, ஹேண்ட்2 எண்டு. பழ ஈயில டின்மேன் எண்ட ஜீன எடுத்தா இதயமே உருவாகாது எண்டு 1993 இல காட்டினவை, மனுசரில அதுக்கு நேரானதுதான் என்கேஎக்ஸ்2-5. 1998 இல, பிறக்கேக்கயே இதயச் சுவரில ஓட்டையும் மின்சாரம் கடத்துறதில தடையும் பரம்பரையா வாற குடும்பங்களில இந்த ஜீனில மாற்றம் இருக்கிறதக் கண்டுபிடிச்சினம். அதுக்கு ஒரு வருஷம் முதல் டிபிஎக்ஸ்5, ஹோல்ட்-ஓரம் எண்ட நோயில: இதயத்திலயும் ஓட்டை, கைப் பெருவிரலிலயும் குறை. ஒரே ஜீன் கருவில கையையும் இதயத்தையும் ரெண்டு இடத்தில கவனிக்கிறதால ரெண்டும் சேந்து பழுதாகுது. 2003 இல காட்டா4 இலயும் அப்பிடி மாற்றம் கண்டினம்.

இதில ஒரு விஷயத்தக் கவனியுங்கோ. இந்த நோயாளியள்ட ரெண்டு பிரதியில ஒண்டு நல்லாத்தான் இருக்கும். அது தன்ர பாதிப் புரதத்த ஒழுங்காச் செய்து குடுக்கும். ஆனா இந்த ஃபக்டருகளில பாதி அளவு காணாது. "ஜீன் பழுது" எண்டு பொதுவாச் சொல்லுறம், கன நேரம் பிரச்சின அளவிலயும் நேரத்திலயும்தான் இருக்கு, இத விளங்கினா கீழ எழுதியிருக்கிறது முழுக்க லேசா விளங்கும்.

2010 இல சான் பிரான்சிஸ்கோவில தீபக் ஸ்ரீவஸ்தவான்ர லேப், காட்டா4, எம்இஎஃப்2சி, டிபிஎக்ஸ்5 மூண்டையும் சேத்து எலி இதயத்தில இருக்கிற ஃபைப்ரோபிளாஸ்டுக்குள்ள போட்டு இதயத் தசை மாதிரிக் கலங்களா மாத்திக் காட்டினவை. எல்லாக் கலமும் மாறேல்ல, மாறினதிலயும் கொஞ்சம்தான் ஒழுங்காச் சுருங்கினது. மனுசக் கலத்தில அந்த மூண்டு காணாம இன்னும் சிலதச் சேக்க வேண்டி வந்தது.

அப்பாக்கு பிரஷர். எக்கோ எடுத்துப்போட்டு "ஹார்ட் மசில் தடிச்சிட்டுது" எண்டு டொக்டர் சொன்னார். இதுக்கும் ஜீனுக்கும் என்ன?

நிறையச் சம்பந்தம் இருக்கு. வளந்த ஆளின்ர இதயத் தசைக் கலம் லேசில பிரியாது. பிரஷர் கூடி அதுக்கு வேலை கூடினா எண்ணிக்கைய கூட்ட ஏலாது, அதால ஒவ்வொரு கலமும் தடிக்கும். தடிக்கிறதுக்குப் புதுப் புரதம் வேணும், புதுப் புரதத்துக்கு ஜீன் ஓடோணும்.

எப்பிடி அந்தத் தகவல் நியூக்ளியஸுக்குப் போகுது எண்டா, ரெண்டு வழி நல்லாத் தெரியும். இழுவையும் ஹோர்மோனும் கூடக் கூட கலத்துக்குள்ள கல்சியம் சிக்னல் மாறும். ஒரு பக்கம் கல்சினியூரின் எண்ட நொதியம் என்ஃபேட் எண்ட ஃபக்டரில இருக்கிற பொஸ்பேற்றக் கழட்டும், கழட்டினா அது நியூக்ளியஸுக்குள்ள போய் காட்டா4 ஓட சேந்து நிக்கும், இது 1998 இல வந்த வேலை. மற்றப் பக்கம் எம்இஎஃப்2 ஓட ஒட்டி அத அமத்தி வைச்சிருக்கிற ஹெச்டாக்குக்கு கைனேஸ் நொதியங்கள் பொஸ்பேற் போடும், போட்டா ஹெச்டாக் நியூக்ளியஸ விட்டு வெளிய போயிடும், எம்இஎஃப்2 விடுபட்டு வேலையத் தொடங்கும்.

பிறகு நடக்கிறதுதான் எனக்கு இண்டைக்கும் ஆச்சரியம். தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்க இதயத்தில ஓடின ஜீன்கள், பிறந்த பிறகு அடங்கினதுகள், திரும்ப எழும்பும். ஏஎன்பி, பிஎன்பி எண்டு இதயம் செய்யிற ரெண்டு ஹோர்மோனும் கீழறையில கூடும். பிஎன்பி உண்மையில உதவிக்குத்தான் வருது, உப்பையும் தண்ணியையும் சலத்தால வெளியேத்தி இரத்தக்குழாயத் தளர்த்தும். ஆனா வருஷக்கணக்கா இழுவை தொடர்ந்தா அந்த உதவி காணாது, கலங்கள் சாகும், இடையில நார் இழையம் படியும், இதயம் விரிஞ்சு களைக்கத் தொடங்கும்.

டொக்டர் எழுதித் தாற என்டி-புரோபிஎன்பி இரத்த ரெஸ்ட் இருக்கல்லோ, அது இந்த எழும்பின ஜீன்ர விளைவத்தான் அளக்குது. பிஎன்பி செய்யப்படேக்க வெட்டுப்பட்டு விழுற துண்டு அது, இதயச் சுவர் இழுபட இழுபட இரத்தத்தில கூடும். மூச்சு வாங்கிக்கொண்டு வாற ஒருத்தருக்கு அது நுரையீரலாலயா இதயத்தாலயா எண்டு பிரிச்சுப் பாக்க உதவும். வயசு, சிறுநீரகம், உடல் பருமன் எல்லாம் அந்த எண்ண மாத்தும், அதால ரிப்போட்ட நீங்களே வாசிச்சுப் பயப்பிடாதேங்கோ.

அப்பாட பிரஷர் குளிசைய நிப்பாட்ட விடாதேங்கோ. ஏசிஇ இன்ஹிபிட்டர், பீட்டா புளொக்கர் மாதிரிக் குளிசையள் இதயத்துக்கு வாற அந்த இழுவைச் சிக்னலயே குறைக்குது, தடிச்ச சுவர் கொஞ்சம் மெலியிறதும் உண்டு. "இப்ப பிரஷர் நோர்மல், குளிசை என்னத்துக்கு" எண்டு விடுற ஆக்களக் காணேக்க எனக்கு மனசு கேக்கிறதில்ல.

ஓட்டக்காரரின்ர இதயமும் பெருசு தானே, அதுவும் கூடாதா?

இல்ல, அது வேற பாதை. பயிற்சியில ஐஜிஎஃப்1, பிஐ3 கைனேஸ், ஏகேடி எண்டு ஒரு சிக்னல் வழி முக்கியமா வேலை செய்யுது, கருக்கால ஜீன்கள் அப்பிடி எழும்புறதில்ல, நார் படியிறதில்ல, பயிற்சிய விட்டா பெரும்பாலும் பழையபடி வரும். பின்னேரத்தில கோல்ஃபேஸில நடக்கிறதால இதயம் வீங்கும் எண்டு ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்ல.

இதயக் கலம் செத்தா திரும்ப வராதா? தசை வருது தானே?

எலும்புத் தசைக்கு சட்டலைட் செல் எண்டு ஒரு சேமிப்பு இருக்கு. 1961 இல அலெக்சாண்டர் மவ்ரோ எலெக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்பில தவளைத் தசையப் பாக்கேக்க நாருக்கும் அதச் சுத்தியிருக்கிற சவ்வுக்கும் இடையில ஒட்டிக்கொண்டு கிடந்த சின்னக் கலங்களக் கண்டார். அதுகளில பாக்ஸ்7 எண்ட ஃபக்டர் ஓடிக்கொண்டு இருக்கும். காயம் பட்டா முழிச்சு, பெருகி, மயோடிய ஓட்டி, மயோஜெனின ஓட்டி, நாராகும், சிலது திரும்பச் சேமிப்புக்கே போகும். கருவில நடந்த அதே ஒழுங்குதான் திரும்ப நடக்குது.

இதயத்தில அப்பிடி ஒரு சேமிப்பு இல்ல. ஆனா முற்றா பூச்சியமும் இல்ல. 1950, 60களில அணுகுண்டுச் சோதனையளால காற்றில காபன்-14 கூடி பிறகு குறைஞ்சுது, அது எங்கட டிஎன்ஏயிலயும் பதிஞ்சிருக்கு, அத வைச்சு ஒரு கலம் எந்தக் காலத்தில பிறந்தது எண்டு கணக்கிடலாம். ஸ்வீடனில யோனாஸ் ஃப்ரீசன்ர குழு 2009 இல அப்பிடிப் பாத்து, 25 வயசில வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1 வீதமும் 75 வயசில 0.45 வீதமும்தான் இதயத் தசைக் கலம் புதுசாகுது எண்டு காட்டினவை. ஹார்ட் அட்டாக்கில ஒரேயடியாகச் சாகிறது கோடிக்கணக்கில, அதுக்கு இந்த வேகம் எந்த மூலைக்கு.

பிறந்து முதல் நாளில எலிக்குட்டியின்ர இதயத்தில நுனித் துண்ட வெட்டினா வளந்திடும், ஏழாம் நாள் வெட்டினா வடுதான் வரும், இது 2011 இல வந்த வேலை. அந்த ஒரு கிழமைக்குள்ள எந்த ஜீன்கள் அடங்குது எண்டு இப்ப கன லேப் தேடிக்கொண்டு இருக்கு.

எலியில செய்தது மனுசருக்குச் சரிவருமா?

சிலது வரும், சிலது வராது. எலியின்ர இதயம் நிமிஷத்துக்கு 500, 600 தரம் அடிக்கும், எங்கடது 70 கிட்ட. மயோசின் எண்டது தசையச் சுருங்க வைக்கிற புரதம்; வளந்த எலியின்ர கீழறையில கெதியாச் சுருங்கிற அல்ஃபா மயோசின்தான் கூட, எங்கட கீழறையில பீட்டா மயோசின்தான் கூட. அதால "நோய் வந்தா அல்ஃபாவில இருந்து பீட்டாக்கு மாறும்" எண்ட பிரபலமான முடிவு எலியில மலை மாதிரித் தெரியும், மனுசரில மாறுறதுக்கே கொஞ்சம்தான் இருக்கு. இதாலதான் இப்ப நோயாளியின்ர இரத்தக் கலத்த ஸ்டெம் செல் ஆக்கி, அதில இருந்து இதயக் கலம் வளத்துப் பாக்கினம். அது கிண்ணத்துக்குள்ள தானாத் துடிக்கும். ஆனா அந்தக் கலங்கள் குழந்தைப் பருவத்திலயே நிண்டு போற குணம் உள்ளதுகள், அதையும் யோசிச்சுத்தான் முடிவு சொல்லோணும்.

மைக்ரோ ஆர்என்ஏக்கு 2024 இல நோபல் குடுத்தவை. அது இதுக்குள்ள எங்க வருது?

ஜீன வாசிச்சு ஆர்என்ஏ வந்த பிறகும் கட்டுப்பாடு முடியிறதில்ல. 22 எழுத்துக் கிட்ட உள்ள சின்ன ஆர்என்ஏ வந்து பெரிய ஆர்என்ஏயில ஒட்டி அதில இருந்து புரதம் வாறதக் குறைக்கும். விக்டர் அம்ப்ரோஸும் கெரி ருவ்குனும் புழுவில கண்டுபிடிச்சினம். இதயத்திலயும் தசையிலயும் மிர்-1, மிர்-133 எண்ட ரெண்டு மைக்ரோ ஆர்என்ஏயும் நிறைய ஓடும். அல்ஃபா மயோசின் ஜீனுக்குள்ளயே மிர்-208 ஒளிச்சிருக்கு, 2007 இல அத எடுத்த எலிக்கு பிரஷர் ஏத்தினா இதயம் மற்ற எலியள் மாதிரித் தடிக்கேல்ல.

எனக்குப் பிடிச்ச உதாரணம் டெக்செல் செம்மறி. அந்த இனம் நல்ல கொழுத்த தசை உள்ளது, ஏன் எண்டு தேடிப் போய் 2006 இல கண்டது இதுதான்: மயோஸ்டாட்டின் எண்டு தசை வளர்ச்சிய மட்டுப்படுத்திற ஜீன் ஒண்டு இருக்கு, அதின்ர புரதம் எழுதியிருக்கிற பகுதியில ஒரு பிழையும் இல்ல, அது முடிஞ்ச பிறகு வாற வாலில ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த எழுத்தால மிர்-1, மிர்-206 ரெண்டுக்கும் ஒட்ட இடம் கிடைச்சிட்டுது, மயோஸ்டாட்டின் குறைஞ்சிட்டுது, தசை கூடிட்டுது.

ஜிம்மில "மயோஸ்டாட்டின் புளொக்கர்" எண்டு பவுடர் விக்கினம். வாங்கலாமா?

தம்பிமார், வாங்காதேங்கோ. மயோஸ்டாட்டின் உண்மை, 1997 இல எலியில அத எடுத்தா தசை ரெண்டு மூண்டு மடங்கு கூடினதும் உண்மை, பெல்ஜியன் புளூ மாட்டிலயும் அதே ஜீன்தான் பழுது. ஆனா டுஷென் எண்ட தசை தேயிற நோய் உள்ள ஆக்களில பெரிய மருந்துக் கொம்பனியள் செய்த மயோஸ்டாட்டின் தடுப்பு மருந்துச் சோதனையளே எதிர்பார்த்த பலன் தரேல்ல. குடிக்கிற பவுடர் வயித்தில செமிச்சுப் போய் அத விடப் பெரிசா என்ன செய்யப் போகுது. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கோ, ஒழுங்கா நித்திர கொள்ளுங்கோ.

அம்மம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சு ஒரு மாசம் படுக்கை. தொடையில சதையே இல்ல. சாப்பாடு காணாதா?

சாப்பாடும் ஒரு காரணம்தான், ஆனா அசையாம இருந்தாலே தசைக் கலம் தன்னைத்தானே உடைக்கிற ஜீன்கள ஓட விடும். முக்கியமா ரெண்டு: மர்ஃப்1, அட்ரோஜின்-1, ரெண்டும் 2001 இல கண்டுபிடிச்சது. தசை அசையேக்கயும் இன்சுலின் சிக்னல் நல்லா இருக்கேக்கயும் ஏகேடி எண்ட கைனேஸ், ஃபொக்சோ எண்ட ஃபக்டர நியூக்ளியஸுக்கு வெளியில வைச்சிருக்கும். அந்தச் சிக்னல் குறைஞ்சா ஃபொக்சோ உள்ள போய் இந்த ரெண்டையும் ஓட்டும், அதுகள் தசைப் புரதத்துக்கு அடையாளம் குத்தி உடைக்கிற இயந்திரத்துக்குள்ள அனுப்பும். ஸ்டீரொயிட் கன நாள் எடுத்தாலும் இதே வழிதான்.

அதாலதான் பிசியோ வந்து "நோகுது" எண்டு அம்மம்மா கத்தக் கத்தக் காலத் தூக்க வைக்கிறா. பாவம் பாத்து நிப்பாட்டாதேங்கோ. சுகர் இருந்தா அதையும் கட்டுப்படுத்துங்கோ, புரதச் சாப்பாட்டயும் சேத்துக் குடுங்கோ.

டுஷென் எண்டு தசை தேயிற நோய், அதுக்கு இப்ப ஜீன் மருந்து வந்திட்டுதாமே?

முதல்ல ஜீனப் பற்றி. டுஷெனில பழுதாகிறது டிஸ்ட்ரோஃபின் எண்ட ஜீன், மனுசரில இருக்கிற ஆகப் பெரிய ஜீன்களில ஒண்டு, 22 லட்சம் எழுத்துக்கு மேல, 79 எக்ஸோன் (வாசிச்ச பிறகு வெட்டி எறியாம வைக்கிற துண்டு). பொலிமரேஸ் ஒரு தலைப்பில இருந்து மற்றத் தலைப்புக்கு வாசிச்சு முடிக்க 16 மணித்தியாலம் எடுக்கும் எண்டு 1995 இல அளந்தவை. வாசிச்சதில பெரும்பகுதியும் வெட்டி எறிஞ்சு கடைசியா நிக்கிறது 14,000 எழுத்துதான். இவ்வளவு நீளம் எண்டபடியா பிழை வர இடமும் கூட. எக்ஸ் குரோமோசோமில இருக்கிறதால பெரும்பாலும் ஆம்பிளப் பிள்ளையளுக்குத்தான் வரும், 3,500 தொடக்கம் 5,000 ஆம்பிளப் பிள்ளைக்கு ஒண்டு எண்டு கணக்கு.

மருந்துகளில ஒரு வகை எக்ஸோன் ஸ்கிப்பிங். பழுதான எக்ஸோனுக்குப் பக்கத்தில உள்ளதையும் தாண்ட வைச்சா மிச்சம் ஒழுங்கா வாசிபடும், கட்டையான ஆனா வேலை செய்யிற புரதம் வரும். 51ஆம் எக்ஸோனுக்கான எட்டெப்லிர்சென் 2016 இல அமெரிக்காவில அனுமதி எடுத்தது, நோயாளியளில 13 வீதம் பேருக்குக் கிட்டத்தான் பொருந்தும். மற்றது வைரஸில ஜீன அனுப்புறது. அந்த ஏஏவி வைரஸுக்குள்ள 4,700 எழுத்துத்தான் போகும், அதால டிஸ்ட்ரோஃபினச் சுருக்கி வைக்கினம், அதோட எம்ஹெச்சிகே7 எண்ட புரோமோட்டர முன்னால வைக்கினம், அது தசையிலயும் இதயத்திலயும் மட்டும் நல்லா ஓடுற மாதிரிச் செய்தது. தசை ஜீன் எப்பிடி ஓன் ஆகுது எண்டு எலியிலயும் கிண்ணத்திலயும் பல வருஷம் பாத்த ஆக்களின்ர வேலையில்லாம அந்தப் புரோமோட்டர் இல்ல. 2023 இல அனுமதி வந்தது. ஆனா 2025 இல, இந்த மருந்து எடுத்த, நடக்க ஏலாத நிலையில இருந்த ரெண்டு பேர் ஈரல் செயலிழந்து இறந்தவை. விலையோ எங்கட குடும்பங்கள் நினைச்சுப் பாக்க ஏலாத விலை.

அதால கொழும்பில பிள்ளைய வைச்சிருக்கிற தாய்தகப்பனுக்கு நான் சொல்லுறது: ஸ்டீரொயிட், பிசியோ, மூச்சுப் பரிசோதனை, இதய கிளினிக், இத நாலையும் விடாதேங்கோ. இதயத்திலயும் டிஸ்ட்ரோஃபின் வேணும், நடக்கிறது நல்லா இருந்தாலும் எக்கோ எடுக்கோணும். எந்த எக்ஸோனில பிழை எண்ட ரிப்போட்டக் கவனமா வைச்சிருங்கோ, பின்னால வாற எந்த மருந்துக்கும் முதல் கேள்வி அதுதான்.

எங்கட ஆக்களுக்கெண்டே ஒரு இதய மியூட்டேஷன் இருக்கு எண்டு கேள்விப்பட்டன். உண்மையா?

உண்மை. எம்வைபிபிசி3 எண்ட ஜீன், இதயத் தசைச் சுருக்கத்த ஒழுங்குபடுத்திற மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி எண்ட புரதத்தச் செய்யிறது. அதில 32ஆம் இன்ட்ரோனில (வாசிச்ச பிறகு வெட்டி எறியிற துண்டு) 25 எழுத்து விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசிய ஆக்களில 100க்கு 4 பேரிட்ட இருக்கு எண்டு 2009 இல ஒரு பெரிய ஆய்வு வந்தது, அதின்ர முதல் ஆசிரியர் தண்டபாணி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில படிச்ச ஆள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை எண்டு இந்தப் பக்கத்திலதான் அந்த விடுபடல் கூட.

விடுபட்ட 25 எழுத்தும் புரதம் எழுதியிருக்கிற இடத்தில இல்ல. எங்க வெட்டி எங்க ஒட்டுறது எண்டு ஸ்ப்ளைசிங் இயந்திரத்துக்குக் காட்டுற இடத்தில இருக்கு. அது போனா 33ஆம் எக்ஸோன் தவறி, புரதத்தின்ர கடைசித் துண்டு மாறிப் போகும். இதுவும் கட்டுப்பாட்டில வாற பிழைதான். பெரும்பாலும் நடுத்தர வயசுக்குப் பிறகுதான் இதயத் தசை நோயாக் கரைச்சல் குடுக்கிறதால தலைமுறை தலைமுறையாத் தப்பி வந்திட்டுது.

ஆனா பயப்பிடுறதுக்கு முதல் மற்றப் பாதியையும் கேளுங்கோ. பிறகு வந்த ஆய்வுகளில, இந்த விடுபடல் உள்ள கன பேருக்கு இதயம் நல்லாவே இருக்கு எண்டும், சில ஆக்களுக்கு அதே குரோமோசோமில கூடவே வாற வேற மாற்றம்தான் முக்கிய காரணம் எண்டும் தெரிய வந்தது. இன்னொண்டு, எங்கட ஆக்களுக்கு ஹார்ட் அட்டாக் இளவயசில வாறதுக்கு இந்த ஜீனில பழியப் போடாதேங்கோ, அது இதயத்துக்கு இரத்தம் குடுக்கிற குழாய் அடைபடுற வேற நோய். இலங்கையையும் சேத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வில தெற்காசியாவில முதல் அட்டாக் வாற நடு வயசு 53, மற்ற நாடுகளில 59 கிட்ட. காரணமா வந்ததுகள் சிகரெட், கொலஸ்ட்ரோல், பிரஷர், சுகர், தொப்பை, உடற்பயிற்சி இல்லாதது எண்டு எங்களுக்குத் தெரிஞ்சதுகள்தான்.

அப்ப நான் ஜீன் ரெஸ்ட் செய்யோணுமா?

சும்மா செய்யத் தேவையில்ல. குடும்பத்தில ஆரும் 40, 50 வயசுக்கு முதல் திடீரெண்டு செத்திருந்தாலோ, ஆருக்கும் ஹைப்பர்ட்ரொஃபிக் கார்டியோமயோபதி (பிரஷர் மாதிரிக் காரணம் இல்லாமலே இதயத் தசை தடிக்கிற நோய்) எண்டு சொல்லியிருந்தாலோ, விளையாடேக்க மயங்கி விழுந்திருந்தாலோ, முதல் ஈசிஜியும் எக்கோவும் எடுங்கோ. அந்த நோய் 500 பேரில ஒருத்தருக்கு இருக்கு, அப்பிடி அரிதான நோயில்ல. தாய், தகப்பன், சகோதரம், பிள்ளையள் எல்லாரையும் பாக்கோணும். ஜீன் ரெஸ்ட் அதுக்குப் பிறகு, அதுவும் நோய் உள்ள ஆளில முதல் செய்து மாற்றம் என்ன எண்டு தெரிஞ்சாத்தான் மற்ற ஆக்களில தேடுறதில அர்த்தம் இருக்கு.

லேப்பில நாள் முழுக்க என்னதான் செய்யிறனீங்கள்?

கூட நேரம் கலங்களப் பராமரிக்கிறதிலதான் போகுது. சி2சி12 எண்டு ஒரு எலித் தசைக் கல இனம், 1977 இல இஸ்ரேலில எலித் தொடையில இருந்து எடுத்து வந்த வம்சம், உலகம் முழுக்கத் தசை லேப்புகளில இருக்கு. 37 பாகை, 5 வீதம் காபனீரொட்சைட், ரோஸ் நிற மீடியம், அதில கன்றுக்குட்டிச் சீரம் 10 வீதத்துக்கு மேல. கலங்கள் பரவி ஒண்டையொண்டு தொடுற நேரம் பாத்து மீடியத்த மாத்தி குதிரைச் சீரம் 2 வீதம் மட்டும் குடுக்கிறது. சாப்பாடு குறைஞ்ச உடன பிரியிறத நிப்பாட்டும். ரெண்டாம் நாள் நீளும், ஒரே பக்கமாத் திரும்பி வரிசையா நிக்கும், நாலாம் அஞ்சாம் நாள் பாத்தா ஒண்டோட ஒண்டு சேந்து ஒரே குழாய்க்குள்ள பத்துப் பதினஞ்சு நியூக்ளியஸ் வரிசையாத் தெரியும், அதிஷ்டம் இருந்தா துடிக்கிறதையும் காணலாம். எத்தின தரம் பாத்தாலும் எனக்கு அலுக்கிறதில்ல.

முக்கியம் என்னெண்டா, முதல்ல அதுகள நெருக்கமா வளர விடக்கூடாது. விட்டா சேரக்கூடியதெல்லாம் சேந்து போய், சேராத இனம் மட்டும் மிஞ்சும், அடுத்த பரிசோதனை முழுக்க வீண். பிறகு ஆர்என்ஏ எடுத்து, அதின்ர அளவப் பாக்கிற கியூபிசிஆர் எண்ட முறையில மயோஜெனின் எவ்வளவு கூடியிருக்கு எண்டு பாக்கிறது, புரோமோட்டருக்குப் பின்னால லூசிஃபரேஸ் எண்ட வெளிச்சம் தாற புரதத்தின்ர ஜீன ஒட்டி வெளிச்சத்த அளக்கிறது, சிப்-செக்கில மயோடி டிஎன்ஏயில எங்கெங்க குந்தியிருக்கு எண்டு தேடுறது, அப்பிடிப் போகும். ஒப்பிடுறதுக்கு, எல்லாக் கலத்திலயும் ஓடுற காப்டிஹெச் எண்ட ஜீன மட்டும் வைக்காதேங்கோ, தசையாகேக்க அதுவே மாறும்.

கொழும்பு ஈரப்பதத்தில பங்கசு வந்தா ஒரு இன்கியூபேட்டர் முழுக்கப் போகும், தட்டில தண்ணி மாத்திற நாளத் தவறவிட ஏலாது. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் நாட்டில -80 ஃப்ரீசர் வைச்சிருந்த ஒவ்வொருத்தரும் ஜெனரேட்டர் டீசலுக்காக எப்பிடி அலைஞ்சிருப்பினம் எண்டு யோசியுங்கோ. பல வருஷச் சேமிப்பு ஒரு இரவில உருகிப் போகும்.

நான் தமிழ் மீடியத்தில ஏ.எல் பயோ. இதப் படிக்கோணும் எண்டா என்ன செய்யிறது?

மருத்துவம் கிடைக்கேல்ல எண்டா வாழ்க்கை முடிஞ்சுது எண்டு வீட்டில அழுறத முதல் நிப்பாட்டச் சொல்லுங்கோ. சயன்ஸ் ஃபகல்ட்டியளில மொலிகியூலர் பயோலொஜி இருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ குமாரதுங்க முனிதாச மாவத்தையில ஐபிஎம்பிபி எண்டு இதுக்கெண்டே ஒரு நிறுவனம் இருக்கு, டிகிரி முடிச்சுப்போட்டு அங்க மேற்படிப்புச் செய்யலாம். எல்லாம் இங்கிலீசில, முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும், அது பழகிடும், விளக்கம் தமிழில வடிவா இருந்தா பேர் மாத்திறது பெரிய வேலையில்ல.

புள்ளிவிபரமும் ஆர் எண்ட புரோகிராமும் இப்பவே தொடங்குங்கோ. எங்கட லேப்புகளில சீரம் வாங்கக் காசு இல்லாத மாசம் இருக்கும், ஆனா உலகத்தின்ர தரவு சும்மா கிடக்கு. எந்த இழையத்தில எந்த ஜீன் எவ்வளவு ஓடுது எண்டு காட்டுற ஜீடெக்ஸ் எண்ட தளத்துக்குப் போய் முதல் எம்வைஹெச்6 எண்டு போட்டுப் பாருங்கோ, அது அல்ஃபா மயோசின், மேலறையில உயர்ந்து நிக்கும். பிறகு எம்வைஹெச்7 போடுங்கோ, அது பீட்டா, கீழறையிலயும் எலும்புத் தசையிலயும் உயர்ந்து நிக்கும், மெதுவாச் சுருங்கிற தசை நாரும் அதே மயோசினப் பாவிக்கிறபடியா. பிறகு என்பிபிஏ, அது ஏஎன்பி. மூண்டு படத்தயும் பக்கத்தில வைச்சு, எந்த இழையத்தில எது, ஏன் எண்டு உங்கட சொல்லில ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ, மிச்சத்த லேப்பில கதைப்பம்.